ஒரு ஒயின் குடும்பத்தின் ஏற்றுமதி வரலாற்றைத் தோண்டுவது எப்படி? மதீராவை வைத்துச் சொல்கிறேன்

பழைய ஒயின் கம்பெனி ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் முதலில் போய் நிற்பது அந்தக் குடும்பமே சொல்லிவைத்திருக்கும் கதையின் முன்னால்தான். எல்லாக் கதையும் ஒரே அச்சு. ஒரு தாத்தா கப்பலில் வந்து இறங்குவார், பிள்ளை கிட்டங்கி கட்டுவார், பேரன் வெளிநாட்டுச் சந்தையைப் பிடிப்பார், நடுவில் ஒரு கொடி நோயும் ஒரு போரும் வந்துபோகும், கடைசிப் படத்தில் இப்போதைய தலைமுறை கோப்பையோடு சிரித்துக்கொண்டிருக்கும். இதில் பொய் அதிகம் இருக்காது. ஆனால் சரக்கை யார் வாங்கினார்கள், கடன் யார் கொடுத்தார்கள், பணம் எந்த வழியாக ஊர் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி கூட இருக்காது. நானும் ஆரம்பத்தில் இந்த மாதிரிக் கதைகளிலிருந்து ஆண்டுகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிவிட்டு வரலாறு எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவன்தான்.

அதனால் வம்சாவளி அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். பீப்பாய் எங்கே நிரம்பியது, எந்தக் கப்பலில் ஏறியது, எங்கே இறங்கியது, அதற்குப் பதிலாக என்ன வந்தது என்று அதன் பின்னாலேயே போங்கள். உதாரணத்துக்கு மதீராவை எடுத்துக்கொள்கிறேன். மொராக்கோ கரைக்கு மேற்கே அட்லாண்டிக்கில் இருக்கும் போர்ச்சுக்கல் தீவு, அங்கே செய்யும் ஒயினுக்கும் அதே பெயர். ஊர் சின்னது, ஆனால் அதன் காகிதங்கள் நான்கு கண்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. அதில் ஒரு பகுதி சென்னையிலேயே இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் கேள்வி: தோட்டம் யாருடையது?

"குடும்பத் திராட்சைத் தோட்டம்" என்று கேட்டதும் குடும்பமே நட்டு, குடும்பமே பறித்து, குடும்பமே மிதித்துப் பிழிந்ததாக மனதில் ஒரு படம் வந்துவிடுகிறது. மதீராவில் இந்தப் படம் பெரும்பாலும் செல்லாது. பாட்டிலில் பெயர் போட்டுக்கொண்ட பிரிட்டிஷ் குடும்பங்கள் அடிப்படையில் ஏற்றுமதியாளர்கள். நிலம் போர்ச்சுக்கீசிய நிலக்கிழார்களிடம் இருந்தது, உழைத்தவர்கள் வாரக்குடிகள். 'கொலோனியா' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். மண் நிலக்கிழாருடையது, அந்த மண்ணின் மேல் குடியானவன் எழுப்பிய கல் சுவர், நட்ட கொடி, போட்ட குடிசை எல்லாம் குடியானவனுடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. செங்குத்தான மலையில் படிப்படியாகக் கட்டியிருக்கும் அந்தச் சுவர்களைப் பார்த்தால்தான் இந்தப் பாதிக் கணக்கில் எவ்வளவு முதுகுவலி இருக்கிறது என்று புரியும். 1974 புரட்சிக்குப் பிறகுதான் இந்த முறை சட்டப்படி ஒழிந்தது.

ஏற்றுமதியாளர் என்ன செய்தார்? அடுத்த அறுவடையை நம்பி இப்போதே தானியமும் துணியும் ரொக்கமும் முன்பணமாகக் கொடுத்தார். எனவே அவருடைய பேரேட்டில் "ஒயின் கொள்முதல்" பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, கடன் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். விலையைத் தீர்மானித்தது சந்தையா கடனா என்பது அங்கேதான் தெரியும்.

தோட்டத்திலிருந்தே கிளம்பிய குடும்பங்களும் உண்டு. கமாரா தெ லோபோஸ் பகுதியில் நிலம் வைத்திருந்த என்ரிக்கிஷ் குடும்பம் 1850-இல் ஒயின் தொழிலைத் தொடங்கியது, ஆனால் வெகுகாலம் மற்ற ஏற்றுமதியாளர்களுக்குத்தான் ஒயினைக் கொடுத்துவந்தது. தன் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியது 1925-இல். இப்படி ஒயினைப் பீப்பாயில் வைத்திருந்து ஏற்றுமதியாளர்களுக்கு விற்பவர்களை அங்கே 'பர்திதிஸ்தா' என்பார்கள். எனவே ஒரு குடும்பத்துக்கு மூன்று ஆண்டுகளைத் தனித்தனியாகக் கண்டுபிடியுங்கள்: கொடி நட்டது எப்போது, ஒயின் சேர்த்துவைக்கத் தொடங்கியது எப்போது, சொந்தப் பெயரில் கப்பல் ஏற்றியது எப்போது. விளம்பரத்தில் வருவது எப்போதும் மூன்றில் பழையதுதான்!

சட்டத்தைப் பாருங்கள்

ஒரு சரக்கு ஏன் ஒரு ஊரிலிருந்து மட்டும் குவிந்து போகிறது என்று கேட்டால் "தரம்" என்பார்கள். நம்பாதீர்கள், முதலில் சட்டத்தைப் பாருங்கள். 1663-இல் இங்கிலாந்து ஒரு கப்பல் சட்டம் போட்டது. ஐரோப்பியச் சரக்கு எதுவானாலும் இங்கிலாந்துத் துறைமுகத்தில் ஏறித்தான் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போகவேண்டும். அதற்குச் சில விலக்குகள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று மதீரா, அசோர்ஸ் தீவுகளின் ஒயின். அவ்வளவுதான் விஷயம். பிரெஞ்சு ஒயின் லண்டனைச் சுற்றி, வரி கட்டி, விலை ஏறிப் போய்ச் சேரும்போது மதீரா நேராக பாஸ்டனுக்கும் சார்ல்ஸ்டனுக்கும் ஜமைக்காவுக்கும் போய் இறங்கியது. காற்றும் சாதகம், அந்தக் காலப் பாய்மரக் கப்பல்களுக்கு அந்தத் தீவு வழியில்தான் இருந்தது, தண்ணீரும் காய்கறியும் ஏற்ற நின்றபோது ஒயினும் ஏற்றினார்கள்.

குடித்தவர்கள் யார் என்பதையும் எழுதிவிடுங்கள். கரீபியனிலும் கரோலினாவிலும் பெரிய வாடிக்கையாளர்கள் அடிமை உழைப்பில் சர்க்கரையும் நெல்லும் விளைவித்த தோட்ட முதலாளிகள். குடும்பக் கதைகளில் இவர்கள் "பழைய நண்பர்கள்" என்று நாகரிகமாக வருவார்கள். பற்று வரவில் அந்த நாகரிகம் கிடையாது.

பெயர், தேதி, அளவு, காசு: நான்கு பள்ளங்கள்

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெயர். ஃபிரான்சிஸ் நியூட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மதீராவில் 1745-இல் தொடங்கிய கடை, கூட்டாளிகள் வர வர நியூட்டன் அண்ட் கோர்டன், நியூட்டன் கோர்டன் மர்டாக், 1808-இல் வில்லியம் கொசார்ட் சேர்ந்த பிறகு இன்னொன்று என்று மாறிக்கொண்டே போய், கடைசியில் கொசார்ட் கோர்டன் ஆனது. ஆவணக் காப்பகத்தில் கடைசிப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் முதல் அறுபது ஆண்டு காணாமல் போய்விடும். திராட்சை வகைகளுக்கும் இதே கதி. போர்ச்சுக்கீசியத்தில் மால்வாசியா என்று இருப்பது ஆங்கிலக் கடிதத்தில் மாம்சி என்று இருக்கும். தாளின் ஓரத்தில் எல்லாப் பெயர்களையும் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

தேதி. போர்ச்சுக்கல் 1582-லேயே இப்போது நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து மாறியது 1752-இல். அதற்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அப்படியானால் ஒரு ஆங்கில வியாபாரி "1748 பிப்ரவரி 10" என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1749 ஆக இருக்கலாம், நாளும் பதினொன்று தள்ளிப்போகும். மதீராவின் தலைநகரும் துறைமுகமுமான ஃபுன்ஷாலின் சுங்கப் பதிவில் ஒரு தேதி, வியாபாரியின் கடிதத்தில் வேறு தேதி என்று இருந்தால் உடனே யாரோ ஏமாற்றியதாக முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் நாட்காட்டிதான் காரணம்.

அளவு. 'பைப்' என்பது பெரிய பீப்பாய், ஆனால் எல்லா ஊர் பைப்பும் ஒன்றல்ல. மதீரா பைப் சுமார் 418 லிட்டர், போர்ட் ஒயின் ஏற்றுமதி பைப் சுமார் 534 லிட்டர். சரி, அதையாவது மனதில் வைத்துக்கொள்ளலாம் என்றால் கேலன் வந்து குழப்பும். பழைய ஆங்கில ஒயின் கேலன் 3.785 லிட்டர், 1824-இல் வந்த இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர். ஒரே மதீரா பைப் ஒரு தாளில் 110 கேலன் என்றும் இன்னொரு தாளில் 92 கேலன் என்றும் இருக்கும். பீப்பாய் சுருங்கவில்லை, கேலன்தான் பெருத்துவிட்டது. அட்டவணை போடும்போது முதல் நாளே எல்லாவற்றையும் லிட்டருக்கு மாற்றிவிடுங்கள், ஆனால் மூல எண்ணை அழிக்காமல் பக்கத்தில் வைத்திருங்கள்.

காசு. போர்ச்சுக்கீசியக் கணக்கு ரெய்ஸில் இருக்கும், ஆயிரம் ரெய்ஸ் ஒரு மில்ரைஸ், பத்து லட்சம் ரெய்ஸ் ஒரு கோன்டோ. ஆயிரத்தைப் பிரிக்க டாலர் குறி மாதிரி ஒன்றை நடுவில் போடுவார்கள், 120$000 என்றால் 120 மில்ரைஸ். இதை டாலர் என்று படித்துவிட்டுக் "குடும்பம் அமெரிக்கக் காசில் கணக்கு வைத்தது" என்று எழுதினால் மானம் போய்விடும். ஆங்கிலப் பக்கத்தில் 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். ரொக்கம் அதிகம் கைமாறாது. லண்டன் வியாபாரி மேல் எழுதப்படும் உண்டியல்தான், அதாவது இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று எழுதிய தாள்தான், பணமாக ஓடும், அந்த உண்டியலில் இருக்கும் பெயர்களை எடுத்துக் கோர்த்தாலே குடும்பத்தின் உண்மையான உறவினர்கள் யார் என்று தெரிந்துவிடும். ரத்த உறவைச் சொல்லவில்லை, கடன் உறவைச் சொல்கிறேன்.

கடிதம் ஒன்று சொல்லும், சுங்கம் வேறு சொல்லும்

கிடைத்தால் வியாபாரக் கடிதங்களைத்தான் முதலில் படியுங்கள். விளம்பரத்துக்காக எழுதப்படாத எழுத்து அது. மதீராவைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை, வெப்பக் கடலில் ஆடி ஆடிப் போன பீப்பாயில் ஒயின் தானாகவே பக்குவப்பட்டது என்பது. கதை உண்மைதான். போய்த் திரும்பி வந்த பீப்பாய்க்கு 'வின்யோ த ரோதா' என்று பெயரும் தனி விலையும் இருந்தன. ஆனால் அதே ஃபிரான்சிஸ் நியூட்டன் 1753-இல் எழுதிய கடிதம் ஒன்றில், மற்ற கடைக்காரர்களைப் போல ஒவ்வொரு பைப்பிலும் ஒன்றிரண்டு வாளி பிராந்தி ஊற்றாததால்தான் தன் சரக்கின் மேல் புகார் வந்திருக்கும் என்று நொந்துகொள்கிறார். கடலும் சூரியனும் ஒரு பக்கம், வாளியும் பிராந்தியும் இன்னொரு பக்கம்! பிறகு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கப்பலை எதிர்பார்க்காமல் கரையிலேயே ஒயினைச் சூடாக்கும் 'எஸ்டூஃபா' அறைகள் வந்துவிட்டன. இன்றும் சாதாரண ரகங்களை 45 முதல் 50 டிகிரியில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். உயர்ந்த ரகம் மட்டும் மாடியில் வெயில் சூட்டில் பல ஆண்டு கிடக்கிறது.

சுங்கப் பதிவுகள் துல்லியமாகத் தெரியும், அதனாலேயே ஆபத்து. 1768-இல் பாஸ்டன் வியாபாரி ஜான் ஹான்காக்கின் 'லிபர்ட்டி' கப்பல் மதீராவிலிருந்து பாஸ்டனுக்கு வந்து 25 பைப் ஒயின் இருப்பதாகக் கணக்குக் காட்டியது. அந்தக் கப்பலில் அதைப் போலப் பல மடங்கு ஏற்ற இடம் உண்டு. மீதியை ராத்திரியில் இறக்கிவிட்டதாகச் சந்தேகம். ஜூனில் கப்பலைப் பறிமுதல் செய்தார்கள், ஊரில் கலவரம் ஆனது. ஆக, அந்த ஆண்டு பாஸ்டனுக்கு எத்தனை பைப் போனது என்று உங்கள் அட்டவணையில் எழுதும்போது சுங்கம் சொன்ன எண்ணை அப்படியே போட்டால் அது ஏற்றுமதியின் எண்ணல்ல, ஒப்புக்கொண்டதன் எண். ஏற்றிய துறைமுகத்தின் பதிவையும் இறக்கிய துறைமுகத்தின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. தீவின் காகிதங்கள் ஃபுன்ஷாலில் இருக்கும் மதீரா ஆவணக் காப்பகத்திலும் லிஸ்பனில் தோரே தோ தொம்போ காப்பகத்திலும் கிடைக்கும், அமெரிக்கத் துறைமுகங்களின் பழைய கப்பல் பட்டியல்களை லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள்.

இன்னொன்று, திரும்பி வந்த சரக்கைத் தேடாமல் விடாதீர்கள். கப்பல் வெறுமனே திரும்பாது. தீவில் விளைந்த தானியம் தீவுக்கே போதாது, அதனால் அமெரிக்காவிலிருந்து கோதுமையும் அரிசியும் மீனும், பீப்பாய் செய்யும் ஓக் பலகையும் வந்தன. ஒயின் குடும்பம் அதே கையால் மளிகையும் மரமும் விற்றது. பின்னால் நீராவிக் கப்பல் வந்தபோது மதீரா ஏற்றுமதிக் குடும்பங்களில் ஒன்றான பிளாண்டி குடும்பம் நிலக்கரி ஏற்றும் தொழிலில் இறங்கியது, 1937-இல் ஃபுன்ஷாலின் புகழ்பெற்ற ரீட்ஸ் ஹோட்டலை வாங்கியது. ஒயின் படுத்த காலத்தில் குடும்பம் எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கேள்விக்குப் பதில் ஒயின் பேரேட்டில் இருக்காது.

விழுந்த காலத்தை விரிவாக எழுதுங்கள்

1852 வாக்கில் கொடியில் சாம்பல் நோய், 1872-இல் வேரைத் தின்னும் பூச்சியான ஃபைலோக்ஸெரா. குடும்பக் கதையில் இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு வரி. எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும், ஏனென்றால் யார் ஓடினார்கள் யார் வாங்கினார்கள் என்று இங்கேதான் தெரிகிறது. பல பிரிட்டிஷ் கடைகள் கணக்கை முடித்துக் கிளம்பியபோது, 1811-இல் ஜான் பிளாண்டி தொடங்கிய கடையின் அடுத்த தலைமுறைக்காரரான சார்ல்ஸ் ரிட்பாத் பிளாண்டி மற்றவர்கள் கைவிட்ட பழைய இருப்பை வாங்கிச் சேர்த்தார். விளைச்சல் இல்லாத காலத்தில் பழைய ஒயின் கையில் இருப்பது என்ன பலம் என்று வியாபாரம் தெரிந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு 1917 ரஷ்யப் புரட்சி ஒரு சந்தையை மூடியது, 1920-இல் அமெரிக்க மதுவிலக்கு இன்னொன்றை மூடியது.

பிழைக்க என்ன செய்தார்கள்? சேர்ந்தார்கள். 1913-இல் தொடங்கிய மதீரா ஒயின் சங்கத்தில் பிளாண்டியும் லீக்காக் என்ற இன்னொரு கடையும் 1925-இல் சேர்ந்தன, கொசார்ட் கோர்டன் 1953-இல். பெயர்கள் தனித்தனியாகவே இருந்தன, ஆனால் கிட்டங்கியும் கணக்கும் ஒன்றாயின. 1989-இல் போர்ட் ஒயினுக்குப் பேர்போன சிமிங்டன் குடும்பம் இதில் பங்கு எடுத்தது, 2011-இல் கட்டுப்பாடு மறுபடியும் பிளாண்டியிடம் வந்தது. கடை அலமாரியில் போட்டியாளர்கள் மாதிரி நிற்கும் இரண்டு மூன்று பெயர்கள் ஒரே வீட்டுச் சமையலாக இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

பாட்டிலைப் படிப்பது

கையில் பழைய பாட்டில் இருந்தால் முதலில் முத்திரையைப் பாருங்கள். போர்ச்சுக்கலின் தேசிய ஒயின் வாரியத்தின் முத்திரை என்றால் 1979-க்கு முந்தியது, மதீரா ஒயின் கழகத்தின் முத்திரை என்றால் அதற்குப் பிந்தியது, ஒயினையும் பூத்தையலையும் சேர்த்துக் கவனிக்கும் இப்போதைய கழகம் என்றால் 2006-க்குப் பிறகு. முத்திரை சொல்வது பாட்டிலில் அடைத்த காலத்தை, ஒயினின் வயதை அல்ல. சொலேரா என்பது பழைய ஒயினோடு புதியதைச் சேர்த்துக்கொண்டே வரும் பீப்பாய் வரிசை, பெரிய எழுத்தில் "சொலேரா 1808" என்று இருந்தால் அது அந்த வரிசையின் ஆரம்ப ஆண்டு, குடிக்கப்போவது முழுக்க அந்த ஆண்டின் ஒயின் அல்ல. 'ஃப்ரஸ்கெய்ரா' என்றால் ஒரே ஆண்டின் அறுவடை, குறைந்தது இருபது ஆண்டு பீப்பாயில் இருந்தது. பழைய பாட்டில்களில் காகித ஒட்டு அதிகம் இருக்காது, வெள்ளை வர்ணத்தில் அச்சுத் தகடு வைத்து எழுதியிருப்பார்கள்.

2002-க்கு முன் பீப்பாய் பீப்பாயாக மலிவு மதீரா ஐரோப்பியச் சமையலறைகளுக்குப் போனது, சாஸ் செய்வதற்கு. அந்த மொத்த ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, உப்பும் மிளகும் கலந்தால் மட்டும் மொத்தமாக அனுப்பலாம் என்று வைத்தார்கள். ஒயினில் உப்பு மிளகு! குடிக்க முடியாதபடி ஆக்கத்தான். ஏற்றுமதி அளவை ஆண்டுவாரியாக வரைபடம் போடுகிறவர்கள் இந்த 2002-ஐத் தாண்டும்போது ஜாக்கிரதையாக இருக்கவேண்டும், லிட்டர் குறைந்ததை மட்டும் பார்த்து வியாபாரம் செத்தது என்று எழுதிவிடக் கூடாது.

கடைசியாக, சென்னை

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வழியில் மதீராவில் நின்று ஒயின் ஏற்றிக்கொண்டு வந்தன, புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயர்களின் மேசையில் மதீரா சாதாரணமாகப் புழங்கிய சரக்கு. எனவே எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளைப் புரட்டுவது இந்த வேலையின் ஒரு பகுதிதான், வெளிநாடு போகக் காசில்லாதவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். 1785-இல் தொடங்கிய 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையின் விளம்பரப் பக்கங்களையும் கேட்டுப் பாருங்கள். ஏல அறிவிப்பில் கப்பல் பெயர், கடைப் பெயர், பைப் எண்ணிக்கை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒயின் என்று மட்டும் இருந்தால் அது மதீராதான் என்று நீங்களாக நிரப்பாதீர்கள். பிறகு அதே கப்பல் ஃபுன்ஷாலை விட்டுக் கிளம்பிய நாளைத் தேடி எடுத்து, நடுவில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தேவையான மாதங்கள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இரண்டே மாதம்தான் இருக்கிறது என்றால் நீங்கள் பிடித்திருப்பது அதே பெயர் கொண்ட வேறு கப்பலை.